சிட்டிகை மாமாவின் உப்புக் குளம்

ஒருவரோடு ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வந்து சுவரில் மண்டையை முட்டிக்கொள்ளலாம் போல உங்களுக்குத் தோன்றியிருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் எங்கள் சிட்டிகை மாமாவைச் சந்தித்ததில்லை. அடுத்தவன் பொறுமையை ஆணிவேரோடு பிடுங்கிப் போடுவதில் அவருக்கு நிகரான ஆள் இந்தப் பூமியிலேயே கிடையாது என்று எந்தக் கோர்ட்டுக்கு வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன். நான் பட்டவன்.

மெட்ராஸ் என்ற பெயர் சென்னை என்று மாறிய சமயம். ராஜா அண்ணாமலைபுரத்தில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் தரைத்தளத்தில் நாங்கள் குடியிருந்தோம். எங்களுக்கு நேர் மேலே மாமா. கடைகளில் இருக்கும் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை குத்துகிற அரசாங்க வேலையிலிருந்து ரிடையர் ஆனவர். வேலை அவரை விட்டது, அவர் வேலையை விடவில்லை. காய்கறிக்காரர் எங்கள் தெருவுக்குள் வருவதற்கு முன் முனையில் நின்று, "அந்தப் பெரியவர் கீறாரா?" என்று விசாரித்துவிட்டுத்தான் வண்டியைத் தள்ளுவார். பால் வந்தவுடன் லாக்டோமீட்டரை எடுத்துப் பாலில் மிதக்கவிட்டு, அது தண்ணீர்க் கோட்டருகே நிற்கிறதா, பால் கோட்டருகே நிற்கிறதா என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்ப்பார். அது முடிகிற வரை அவர் வீட்டில் காபி கிடையாது. மாமி அந்த நேரத்துக்கு எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போவார்.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஒருநாள் மாமியிடம் ரசத்துக்குப் பெருங்காயம் எவ்வளவு போடுவது என்று கேட்கப் போனாள். மாமி, "ஒரு சிட்டிகை போட்டா போறும்" என்று சொல்லியிருக்கிறார். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்துவிட்டார்.

"சிட்டிகைன்னா யாரோட விரலால?"

"இது என்ன கேள்வி? அவா அவா விரலாலதான்."

"உன் விரல் என்ன, அவ விரல் என்ன? எங்க, ரெண்டு பேரும் ஒரு சிட்டிகை எடுங்கோ பாப்போம்."

பீரோவிலிருந்து நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போல ஒரு குட்டித் தராசு வந்தது. இரண்டு பெண்களும் பெருங்காயத்தைக் கிள்ளிக் கிள்ளி வைக்க, மாமா நிறுத்துக்கொண்டே இருந்தார். ஒரு சிட்டிகையைப் போல மறு சிட்டிகை இல்லை. இந்த தேசம் உருப்படாததற்கு இதுதான் காரணம் என்று அவர் ஒரு பிரசங்கம் செய்து முடிப்பதற்குள் ரசம் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. என் மனைவி பெருங்காய வாசனையோடு கீழே வந்து, "உங்க சிட்டிகை மாமா இருக்காரே" என்று ஆரம்பித்தாள். அவர் எப்போது என்னுடைய மாமா ஆனார் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து கட்டடம் முழுக்க அவர் சிட்டிகை மாமாதான்.

இனி குளத்துக்கு வருகிறேன். கட்டடம் கட்டியவர் முன்பக்கத்தில் மாங்காய் வடிவில் சிமெண்டுக் குளம் ஒன்று கட்டி, நடுவில் குடம் சாய்த்த ஒரு பொம்மையையும் நிறுத்தியிருந்தார். அந்தக் குடத்திலிருந்து ஒருநாளும் தண்ணீர் விழுந்ததில்லை. குளத்தில் கொசு மட்டும் ஏகமாக விளைந்தது. எங்கள் சங்கத்துச் செக்ரட்டரிக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கும். மூடிவிட்டு ஸ்கூட்டர் நிறுத்த ஷெட் போட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் லட்சியம். கூட்டம் போட்டார். எல்லோரும் சரி என்று தலையாட்டும் நேரத்தில் சிட்டிகை மாமா எழுந்தார்.

"கொசுதானே பிரச்சினை? மீன் விட்டா கொசுப் புழுவைத் தின்னுடும். நான் விடறேன்."

மாமி தலையில் கையை வைத்துக்கொண்டார். "நம்மாத்துல மீனா?"

"வளக்கறதுக்குடி. கொழம்பு வெக்கறதுக்கில்லை."

செக்ரட்டரி லேசுப்பட்டவர் அல்ல. "வளங்க சார். ஆனா ஒரு மீன் செத்து மிதந்தாலும் அன்னிக்கே லாரி மண்ணு கொட்டி மூடிடுவோம். எல்லாரும் சாட்சி" என்றார். மாமா ஒப்புக்கொண்டார். எங்கள் எல்லோர் முன்னிலையிலும் அது தீர்மானமாயிற்று.

கொளத்தூரில் வண்ணமீன் வளர்க்கிறவர்களிடம் போய் ஜப்பான் கெண்டை வாங்கி வந்தார். கோய் மீன் என்று அதற்குப் பெயர். வெள்ளையில் சிவப்புத் திட்டு, மஞ்சளில் கறுப்புப் புள்ளி என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. தலையில் மட்டும் சிவப்புப் பொட்டு வைத்தது போல ஒரு பெரிய வெள்ளை மீன் இருந்தது. அதற்கு மாமா பெயரெல்லாம் வைக்கவில்லை. "பெரியவா" என்று மரியாதையாகச் சொல்லுவார். சாயங்காலம் தீனியை நிறுத்து எடுத்துக்கொண்டு வந்து குளத்துச் சுவரில் உட்காருவார். பெரியவா வந்து அவர் விரலை மோந்து பார்க்கும். மனிதர் சிரிப்பார். மேல் மாடிக்குக் குடிவந்ததிலிருந்து என்னைப் பார்த்து ஒருநாள்கூடச் சிரித்தவர் இல்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு மழைக்காலத்தில் மீன்களுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. மேலெல்லாம் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி. சுவரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு திரிந்தன. மாமா பறந்தடித்துக்கொண்டு கொளத்தூருக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"என்ன மாமா சொன்னாங்க?"

"உப்புப் போடணுமாம். எவ்வளவுன்னு கேட்டா, ரெண்டு கைப்பிடி போடு சார்ங்கறான். கைப்பிடியாம். யார் கை?"

"உங்க கைதான் மாமா."

"கொறைஞ்சா பூச்சி சாகாது. கூடினா மீன் செத்துப்போயிடும். ஆயிரம் லிட்டருக்கு மூணு கிலோன்னு ஒரு கணக்கு இருக்கு. இந்தக் குளம் எத்தனை லிட்டர்? சொல்லு."

"எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாதோன்னோ? அளந்துடுவோம். பையைக் கீழ வை."

நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தேன். மாங்காய்க்கு ஏது நீளம் அகலம் என்று என்னைத் திருப்பிக் கேட்டார். மீன்களை டிரம்முக்கு மாற்றிவிட்டுக் குளத்தைக் காலி செய்து, பிறகு வாளி வாளியாக ஊற்றி நிரப்புவது என்று ஏற்பாடு. கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்த காலம் அது. நான் ஊற்ற வேண்டும், அவர் எண்ணுவார். என் இடுப்பு ஒடிந்து, குளம் முக்கால்வாசி நிறைந்த சமயம், வாட்ச்மேன் ஏகாம்பரம் வந்து, "சார், மணி இன்னா ஆவுது?" என்று கேட்டான். மாமா மணியைச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எத்தனையாவது வாளி என்பது இருவருக்கும் தெரியவில்லை.

"ஏறக்குறையப் போட்டுக்கலாம் மாமா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"எறை" என்றார். மறுபடி முதலிலிருந்து. அன்று ஆபீசுக்கு லீவு.

அடுத்து உப்பு. என் மனைவி சமையலறையிலிருந்து ஒரு பாக்கெட் கொண்டு வந்து கொடுத்தாள். அவர் அதைத் தொடவேயில்லை. அயோடின் கலந்தது ஆகாதாம். கட்டி சேராமல் உதிரியாக இருப்பதற்கு அதில் என்னவோ கலக்கிறார்களாம், அதுவும் ஆகாதாம். கல் உப்புதான் வேண்டும். உப்பு வண்டிக்காரர் வந்தார். அந்தப் பாவி மனிதர் பரம்பரை பரம்பரையாகப் படியால் அளந்து விற்கிறவர்.

"படியால அளந்தா எனக்கெப்படி எடை தெரியும்? ஒரு தரம் குமிச்சு அளப்பே, ஒரு தரம் தட்டி அளப்பே."

"எங்கப்பன் காலத்துலேர்ந்து இப்டித்தான் சார் அளந்துகினு கீறோம். கடல் தண்ணியவா நிறுத்து விக்கிறாங்கோ?"

பேச்சு வளர்ந்து, வண்டியில் இருந்த உப்பு முழுவதையும் இறக்கி எங்கள் வீட்டு வாசலில் வைத்து மாமா நிறுத்தார். வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி ஏற்றினார். ஏற்றியது யார் என்று கேட்காதீர்கள்.

மீன்களைத் திரும்பக் குளத்தில் விட்ட பிறகும் உப்பை ஒரேயடியாகப் போடவில்லை. முதலில் தண்ணீரில் மிதந்த செடிகளையெல்லாம் வெளியே எடுத்தார், உப்பு பட்டால் வெந்துவிடுமாம். உப்பை மூன்று பங்காகப் பிரித்து, நாளுக்கு ஒரு பங்கு. அந்தப் பங்கையும் வாளித் தண்ணீரில் கல் தெரியாமல் கரைத்தாக வேண்டும். கரையாத கல் மீன் மேல் விழுந்தால் தோல் புண்ணாகிவிடும் என்றார். கையில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருக்கக் கூடாது என்று விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் தலை முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு வாளியை ஏந்திக்கொண்டு, குளத்தை வலம் வந்து, ஒரு பக்கமாகச் சேராமல் சுற்றிலும் ஊற்றினார். எத்தனை குவளை ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே போனதால் உதடுகள் முணுமுணுத்தபடி இருந்தன.

பால்கனிகளில் நின்று பார்த்தவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஈர வேட்டி. பிரதட்சணம். முணுமுணுப்பு. உப்பு. கொஞ்ச நாளில் மீன் மேலிருந்த புள்ளிகள் எல்லாம் மறைந்து, பெரியவா பளபளவென்று துள்ளியது.

மருவோ கட்டியோ வந்தால் கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போடுவது நம் ஜனங்களின் வழக்கம். உப்பு தண்ணீரில் கரைவது போல வந்த மருவும் கரைந்துவிடும் என்று நம்பிக்கை. வாட்ச்மேன் ஏகாம்பரத்துக்குக் கழுத்தில் ரொம்ப நாளாக ஒரு மரு. அவன் யாரிடமும் சொல்லாமல் ஒரு பொட்டலம் உப்பும் மிளகும் வாங்கிக் குளத்தில் போட்டிருக்கிறான். அந்த மரு விழுந்து தொலைத்தது. எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியாது. துண்டால் தேய்த்துத் தேய்த்து விழுந்திருக்கும். விஷயம் படியேறி மாடி மாடியாகப் போயிற்று. மாமாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்கும்தான்.

கோடை பிறந்தது. மாமா ஒருநாள் என் ஜன்னலைத் தட்டினார். கையில் லாக்டோமீட்டர்.

"வெளில வா. இதைப் பாரு. குளத்துத் தண்ணியில விட்டா தண்ணிக் கோட்டுல நிக்கணும். மேல ஏறி நிக்கறது."

"அப்படின்னா?"

"உப்பு ஜாஸ்தியாறதுன்னு அர்த்தம். வியாதி போனப்புறம் நான் ஒரு கல்லு போடலை. வாராவாரம் கொஞ்சம் தண்ணியை எறைச்சுட்டு நல்ல தண்ணி விட்டுண்டு வரேன். கொறையணும். எப்படி ஏறும்?"

"வெயில் மாமா. காய்ஞ்சுபோய்…"

"வெயில் தண்ணியைத்தான் குடிக்கும், உப்பைக் குடிக்காது. காஞ்ச அளவுக்கு உப்பில்லாத தண்ணி விட்டா சரியாப்போச்சு. நான் விட்டுண்டுதானே இருக்கேன்?" என்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏம்ப்பா, நீ உங்காத்து ஊறுகாய் ஜாடியை இங்க அலம்பினியோ?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. இடுப்பொடிய இரண்டு தடவை குளத்தை நிரப்பிக் கொடுத்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? இனிமேல் இந்த மனிதரோடு பேச்சே கிடையாது என்று தீர்மானித்தேன். மறுநாளே, "செவ்வாக்கிழமை விடியக்காத்தால என்னோட வந்து ஒக்காரணும். செவ்வாக்கிழமை ஆனாத்தான் ஏறறது" என்று வந்து நின்றார். நானும் போய் உட்கார்ந்தேன். என் தலையெழுத்து.

ஸ்கூட்டர்களுக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தோம். முதலில் ஏகாம்பரம் வந்தான். மரு போனதற்கு நன்றி செலுத்துகிறானாம், ஒரு பொட்டலம். அடுத்து மூன்றாம் மாடி ஸ்டெல்லா டீச்சர். சாந்தோம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். சிலுவை போட்டுக்கொண்டு ஒரு பொட்டலம். மூன்றாவதாக ஒருவர் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார். ஒரு பை நிறைய உப்பைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தபோது துண்டு நழுவியது. செக்ரட்டரி. முதுகில் கட்டியாம், சாய்ந்து உட்கார முடியவில்லையாம். பிற்பாடு தெரிந்தது.

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்திருக்கப் போனார். அதற்குள் நான்காவது ஆள் வந்துவிட்டது. என் மனைவி.

மாமா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுந்து, "என்னடி இது?" என்றேன்.

அவள் கொஞ்சமும் அசரவில்லை. "உங்களுக்குத்தான். இடது கண் இமையில கட்டி வந்து வந்து போகுதே, ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்றாரே, அதுக்குத்தான் வேண்டிக்கிட்டேன். நீங்க ஆபரேஷனுக்கும் ஒத்துக்க மாட்டேங்கறீங்க. நான் என்ன பண்றது?"

மாமா ஒரே குரலில் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். உப்பு கூடினால் மீனுக்கு மூச்சுத் திணறும், தோல் வெந்துபோகும், எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். ஸ்டெல்லா டீச்சர் கையைப் பிசைந்தார். "தெரியாதுங்க மாமா. நீங்களே போட்டீங்களேன்னுதான்… எங்க மாதா கோயில்லயும் கொடிமரத்தடியில உப்பு மிளகு போடுவோம்."

"நான் போட்டது மருந்து."

"நாங்களும் அப்படி நெனச்சுத்தான் போட்டோம்" என்றார் டீச்சர்.

மாமா அதோடு விட்டாரா? ஒரு போர்டு எழுதிக் கம்பிக் கேட்டுக்குப் பக்கத்தில் தெருவைப் பார்க்க மாட்டினார். "இக்குளத்தில் உப்பு, மிளகு போடக்கூடாது." வேண்டாம் மாமா, வேண்டாம் என்று நான் அடித்துக்கொண்டேன். கேட்கிற ஜென்மமா? அதுவரை கட்டடத்துக்குள் மட்டும் தெரிந்திருந்த விஷயம். உப்பு, மிளகு போடுகிற குளம் இங்கே இருக்கிறது என்று ராஜா அண்ணாமலைபுரம் முழுவதற்கும் அந்தப் போர்டு சொல்லிக்கொடுத்தது. அடையாற்றிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஏகாம்பரம் விரட்டிப் பார்த்தான். சுற்றுச்சுவருக்கு மேலாக வீசிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். கரையாத கல் உப்பு அடியில் படிந்து கிடந்தது. தண்ணீர்மேல் மிளகு மிதந்தது.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு சனிக்கிழமை காலை, மாமி மேலேயிருந்து என்னைக் கூப்பிட்ட குரலே சரியாக இல்லை. ஓடினேன். மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பெரியவா ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது. செவுள் மட்டும் அடித்துக்கொண்டது. மாமா முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். விட்டால் சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினார்.

"என்ன மாமா பண்ணணும்?"

"தண்ணி மாத்தணும். உப்பை வெளில எடுக்க வேற வழி கிடையாது. பாதிக் குளமாவது மாத்தணும்."

அதுதான் முடியாது என்பது இருவருக்கும் தெரியும். கிணறு வற்றிவிட்டது. போர்வெல் தண்ணீர் கரிக்கும், வாயில் வைக்க முடியாது, அதை விட்டால் உப்புக்கு உப்பு சேரும். ஒருநாள் விட்டு ஒருநாள் மெட்ரோ வாட்டர் லாரி வரும், வீட்டுக்கு இத்தனை குடம் என்று அளவு. ஒரு குடத்துக்காக அண்ணன் தம்பி போல இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட கோடை அது. அந்த அளவை ஒழுங்காகப் பிரித்துக் கொடுப்பதற்கு மாமாவைத்தான் நியமித்திருந்தோம். யாருக்கும் ஒரு சொட்டு கூடுதலாக விடமாட்டார். தனக்கும்தான்.

செக்ரட்டரி வந்து பார்த்தார். அந்தத் தீர்மானம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

"நான் கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டேன்" என்றார் மாமா, மீனைப் பார்த்துக்கொண்டே. "தண்ணியைச் சேத்துண்டேன், வெயிலைச் சேத்துண்டேன். மனுஷாளைச் சேத்துக்கலை." இத்தனை நாள் என் உயிரை எடுத்த மனிதர், யாரிடமும் உதவி என்று கேட்கத் தெரியாமல் ஈரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

லாரி வந்தது. எல்லோரும் குடத்தோடு வரிசையில் நின்றோம். மாமி தன் பங்கைப் பிடித்து, மாடிப்படி ஏறாமல் நேரே குளத்துக்குக் கொண்டு போனார். "நீங்க மீனைப் பிடிச்சுக்கோங்கோ. எங்கே விடணும் சொல்லுங்கோ" என்றார். அடுத்து நின்ற ஸ்டெல்லா டீச்சர் ஒரு நிமிஷம் தன் குடத்தைப் பார்த்தார். அவரும் குளத்துப் பக்கம் நடந்தார். என் மனைவி என்னை முழங்கையால் இடித்தாள். இடித்திருக்க வேண்டியதில்லை. நான் ஏற்கெனவே நகர்ந்துவிட்டேன்.

"நம்ம உப்புதானே சார் அது" என்று ஏகாம்பரம் செக்ரட்டரியிடம் சொல்வது கேட்டது. செக்ரட்டரி முதுகைப் பிடித்துக்கொண்டே இரண்டு குடத்தோடு வந்தார்.

இத்தனை பேர் குடிக்கிற தண்ணீரைக் கொண்டுவந்து நிற்கிறோம். வேறு யாராக இருந்தாலும் கண் கலங்கிக் கை கூப்பியிருப்பார்கள். சிட்டிகை மாமா கையை உயர்த்தி, "யாரும் ஊத்தப்படாது" என்றார்.

"ஏன்?"

"லாரித் தண்ணியில க்ளோரின் இருக்கு, மோந்து பாருங்கோ. வாசனை போகணும். ஆளுக்கு ரெண்டு பாத்திரம் எடுத்துண்டு வந்து ஆத்துங்கோ. காபி ஆத்தற மாதிரி. நன்னா ஒசரத் தூக்கி ஆத்தணும்."

ஆற்றினோம். அந்த வெயிலில், குளத்தைச் சுற்றி நின்றுகொண்டு, ஒரு கட்டடத்து ஜனமே அண்டாவிலிருந்து குண்டானுக்கும் குண்டானிலிருந்து அண்டாவுக்கும் தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மாமா ஒவ்வொருவர் பாத்திரமாக மோந்து பார்த்து, "நீ இன்னும் ஆத்து" என்று என்னிடம் மட்டும் மூன்று தடவை சொன்னார். எல்லாம் ஆனபிறகும் விடவில்லை. ஒரேயடியாக மாற்றினாலும் மீன் தாங்காதாம். ஏகாம்பரம் பழைய தண்ணீரைக் கொஞ்சம் இறைத்துச் சாக்கடையில் விட வேண்டும், நாங்கள் அதே அளவு கொஞ்சம் ஊற்ற வேண்டும், பிறகு காத்திருக்க வேண்டும். மறுபடி கொஞ்சம். செக்ரட்டரி, "சார், சீக்கிரம் ஊத்திட்டா…" என்று ஆரம்பித்து, மாமா பார்த்த பார்வையில் மென்று முழுங்கினார்.

பொழுது சாயும்போது மாமா மெதுவாகக் கைகளை எடுத்தார். பெரியவா கொஞ்சம் ஆடியது. சாயவில்லை. வாலை ஒரு அசை அசைத்துக்கொண்டு பொம்மையைச் சுற்றி ஒரு வட்டம் போயிற்று. ஸ்டெல்லா டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று எங்கள் வீடுகளில் சமையல் கிடையாது, குடிக்க மட்டும் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தோம்.

போர்டைக் கழற்றினார்கள். சுற்றுச்சுவருக்கு மேல் செக்ரட்டரியே முன்னின்று வலை கட்டினார். ஸ்கூட்டர் ஷெட்டைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார், "மாமா, வேண்டிக்கிட்டது பாதியில நிக்குது. நிறுத்தக் கூடாதும்பாங்க." என் மனைவியும் தலையாட்டினாள். மாமா பின்பக்கம் போய், கிரைண்டர் வந்தபிறகு யாரும் தொடாத கல் உரலை ஏகாம்பரத்தை விட்டு உருட்டிக்கொண்டு வந்து குளத்தருகே வைத்தார்.

"இனிமே இதுல போடுங்கோ. நான் எடுத்துண்டு போய்க் கடல்ல சேத்துடறேன்."

ஏகாம்பரத்துக்குச் சமாதானமாகவில்லை. "அது எப்டி சார்? உரல்ல போட்டா மீனுக்கு எப்டித் தெரியும்?"

"நான் சொல்லிடறேன்" என்றார் மாமா. நாங்கள் சிரித்துவிட்டோம். எடை போட முடியாத எதையும் ஒப்புக்கொள்ளாத மனிதர், ஏதோ எரிச்சலில் சொல்கிறார் என்றுதான் நினைத்தோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடிகிற நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே முணுமுணுப்புக் கேட்டது. மறுபடி வாளி தூக்கக் கூப்பிடப் போகிறார் என்ற பயத்தில் மூச்சுக் காட்டாமல் எட்டிப் பார்த்தேன். தலை முழுகி, ஈர வேட்டியோடு குளத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தார். உரலில் பொட்டலங்கள். தண்ணீரில் பெரியவா அவர் விரலருகே நின்றது.

"மூணாம் மாடி, ஸ்டெல்லா. வலது பாதத்துல கால் ஆணி, நிக்கவே முடியலை, நாள் பூராவும் நின்னுண்டு பாடம் எடுக்கறா. ரெண்டாம் மாடி, செக்ரட்டரி. முதுகுல கட்டி, இப்போ பாதி வத்திடுத்து. ஏகாம்பரத்துக்கு ஒண்ணுமில்லை, சும்மா போட்டிருக்கான்." கொஞ்சம் நிறுத்தி யோசித்தார். "கிரவுண்ட் ஃப்ளோர். இடது கண், மேல் இமை. ரொம்பக் கோபக்காரன். முணுமுணுத்துண்டே இருப்பான். ஆனா நான் கூப்பிட்டு ஒருநாளும் வராம இருந்ததில்லை. அவனைக் கொஞ்சம் மொதல்ல பாருங்கோ."

நான் ஜன்னலை விட்டு நகர்ந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, அவர் கூப்பிடுவதற்கு முன்பே வாளியோடு போய் நின்றேன்.